வீட்டு மனையில் நீர், மண், மரம்: முடிவுகளும் அவற்றின் வரிசையும்

தமிழகத்து நகரங்களில் சொந்த வீடு கட்டுவோர் சமையல் மேடைக்கான கல்லையும் வாசற்கதவுக்கான மரத்தையும் பல வாரங்கள் அலைந்து தேர்ந்தெடுக்கின்றனர். வீட்டைச் சுற்றியுள்ள காலி இடத்தின் தரையை எப்படி அமைப்பது என்ற முடிவோ, பணமும் பொறுமையும் தீர்ந்துபோன கடைசி வாரத்தில், பெரும்பாலும் கொத்தனாரின் விருப்பத்துக்கே விடப்படுகிறது. மழைநீர் எப்பக்கம் ஓடும், கிணற்றில் கோடைவரை நீர் நிற்குமா, நட்ட மரம் வேர் பிடிக்குமா, உதிரும் இலை எங்கே போய்ச் சேரும் என்பவற்றில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி வார முடிவுதான். தோட்டம் என்றதும் செடி வாங்குவதிலிருந்து தொடங்கும் வழக்கத்தை மாற்றி, நீர், தரை, மரம், சருகு, பூச்சி என்ற வரிசையில் முடிவெடுப்பதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் அடிப்படை. தவறான செடியை ஒரு பருவத்தில் பிடுங்கி மாற்றிவிடலாம். தவறான வாட்டத்தில், அதாவது நீர் வழிந்தோடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கப்படும் சரிவில், போடப்பட்ட சிமெண்டுத் தளத்தை உடைத்தால்தான் மாற்ற முடியும் என்பதால், திருத்துவதற்குக் கடினமானவை முதலில் வருகின்றன.

மழைக் கணக்கு

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும் என்ற எளிய வாய்பாட்டைக் கொண்டு எந்த வீட்டுக்காரரும் தம் மனையின் மழை வரவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்துவிடுகிறது. 1,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 93 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஓராண்டில் விழும் நீர் சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் தளம் உறிஞ்சுவதும் போக அதில் ஐந்தில் நான்கு பங்கு குழாய் வழியே இறங்குவதாகக் கொண்டால், 1 லட்சம் லிட்டருக்குக் குறையாமல் கைக்கு வரும். இந்தியத் தர நிர்ணயம் நகரத்து ஆள் ஒருவருக்கு வகுத்துள்ள 135 லிட்டர் என்ற அன்றாடத் தேவையின்படி, நால்வர் வாழும் வீட்டுக்கு இது ஆறு மாத நீராகும்.

இந்த நீர் எவ்வளவு கிடைக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வருகிறது என்பதே வீட்டுக்காரருக்குப் பெரும் சிக்கல். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னையில், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முழுவதுமாக வறண்டு, குடங்கள் லாரிக்காக வரிசையில் காத்திருந்தன. சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையைப் பல மாதங்களுக்குப் பிடித்துவைக்க ஒரு தனி வீட்டிடம் உள்ள மிகப் பெரிய கலம், சம்ப் எனப்படும் தரைத்தொட்டி அன்று. மனையின் அடியிலுள்ள மண்ணே. தமிழக அரசு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் நோக்கமும் நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதே. எனினும் சட்டத்துக்காக ஒரு முறை தோண்டப்பட்டு, பின்னர் தூர்வாரப்படாமல் சகதி அடைத்துக் கிடக்கும் குழி, இல்லாத குழிக்குச் சமம்.

கசிவுக் குழியும் உறை கிணறும்

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை மனையின் மண்தான் முடிவு செய்கிறது. ஓர் அடி நீள, அகல, ஆழத்தில் சிறு குழி வெட்டி, அதில் நீரூற்றி ஊறவிட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்த்தால் மண்ணின் உறிஞ்சும் தன்மை தெரிந்துவிடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரைப் பகுதிகளின் மணலில் நீர் கண்ணெதிரே இறங்கும். களிமண் மனையில் அது மறுநாள் வரை தேங்கி நிற்கலாம். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் போன்ற பாறைப் பகுதிகளில் மேல்மண்ணின் தடிமனைப் பொறுத்து மாறுபடும்.

மணல் மனைக்குக் கசிவுக் குழி போதுமானது. 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் கொண்டதாகக் குழி வெட்டி, அடியிலிருந்து கூழாங்கல்லையோ உடைத்த செங்கல்லையோ நிரப்பி, அதன்மேல் வலை விரித்து, மேல் 1 அடிக்கு ஆற்று மணல் இடுவது வழக்கம். வலையின் பயன், மணல் கற்களின் இடுக்குகளில் இறங்கிவிடாமல் தடுப்பதும், ஆண்டுதோறும் மணலை மட்டும் எளிதாக அள்ளிக் கழுவ உதவுவதும் ஆகும். இக்குழியின் கொள்ளளவைப் பற்றிப் பலருக்கும் தவறான கணிப்பு உண்டு: கற்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால், 1,500 லிட்டர் கொள்ள வேண்டிய குழியில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 600 லிட்டர்தான் நிற்கும், ஆனால் 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் இறங்கும் நீர் 3,700 லிட்டர். மணலில் நீர் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருப்பதால் ஒரு குழி பெருமளவு சமாளித்துவிடும். களிமண்ணில் அதே குழி சில நிமிடங்களில் நிரம்பி வழிந்து தெருவுக்கு ஓடிவிடும். ஆகவே களிமண் மனையில், குழியின் நடுவே 6 முதல் 12 அங்குல விட்டத்தில் 10 அல்லது 15 அடி ஆழத்துக்குத் துளையிட்டுக் கூழாங்கல் நிரப்பி, களிமண் அடுக்கைத் தாண்டிய மணலுக்கு நீரைக் கொண்டுசெல்ல வேண்டும். இடமிருந்தால் 3 அடி விட்டமுள்ள சிமெண்டு உறைகளை இறக்கி, உள்ளே எதையும் நிரப்பாத உறை கிணறாக அமைப்பது மேலும் நல்லது, ஏனெனில் அது நீரைத் தேக்கிவைத்து மெல்ல இறக்குவதோடு, ஆள் இறங்கித் தூர்வாரவும் இடம் தருகிறது.

பழைய மனையில் திறந்த கிணறு இருந்தால், அது வற்றிப்போனதாயினும் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடிவிடக் கூடாது. மாடி நீரை வடிகட்டிக்குப் பின் அதில் விடுவதே மிக மலிவான சேகரிப்பு முறை. கடலோர மனைகளில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மணலுக்கடியில் அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு எனப்படுகிறது. நீர்மட்டத்தை 1 அடி உயர்த்தும் தெருவின் கிணறுகள் உப்பை வெகு ஆழத்துக்குத் தள்ளுகின்றன. அதே 1 அடியை மோட்டார் வைத்து உறிஞ்சிவிட்டால் உப்பு அவ்வளவு தூரம் மேலேறி வருகிறது.

எந்த அமைப்பாயினும் மூன்று எச்சரிக்கைகள் பொருந்தும். கோடை முழுவதும் மாடியில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிவரும் முதல் மழைநீரை, குழாயில் ஒரு திறப்பு வைத்து வெளியே விட்டுவிட வேண்டும். வாகனம் நிற்கும் தளத்தில் எண்ணெயும் அழுக்கும் கலந்திருக்கும் என்பதால், அந்த நீரைக் கிணற்றில் நேரடியாக விடாமல், கேட்டின் குறுக்கே துளையிட்ட பலகைக் கல் மூடிய சிறு வாய்க்காலில் பிடித்துத் தனிக் குழிக்கே திருப்ப வேண்டும். செப்டிக் டேங்க்கின் கழிவு இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. சிறு மனைகளில் இந்த இடைவெளி கிட்டாது என்பதால், அண்டை வீட்டாரின் செப்டிக் டேங்க் எங்கே உள்ளது என்பதையும் கேட்டறிந்த பின்னரே கிணற்று நீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்வது பாதுகாப்பு.

தரையை மூடுவதும் திறந்துவிடுவதும்

காலி இடம் முழுவதையும் சிமெண்டால் மூடுவதற்கு வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யானவை அல்ல: சேறு, களை, பாம்பு பற்றிய அச்சம், பெருக்குவதற்கு எளிமை. இவற்றுக்கு விடை தேடாமல் தரையைத் திறந்துவிடச் சொல்லும் அறிவுரை நிலைக்காது. நடைமுறைக்கு உகந்த வழி, காலும் சக்கரமும் படும் பாதையை மட்டும் உறுதியாக்குவது. கார் ஏறும் இடத்தில் இரு சக்கரங்களுக்கான இரண்டு பட்டைகள் போதும். நடுவிலும் ஓரங்களிலும் ஜல்லியோ புல்லோ இருக்கலாம். பேவர் பிளாக் எனப்படும் சிமெண்டுக் கற்களைப் பதிப்பதாயின், அவற்றை மணற்படுகையின்மேல் வைத்து இடுக்குகளை மணலால் நிரப்பினால் நீர் ஓரளவு இறங்கும். உறுதிக்காக அடியில் கான்கிரீட் போட்டு இடுக்குகளைச் சிமெண்டால் பூசிவிட்டால் அது வேலைப்பாடு மிகுந்த சிமெண்டுத் தளமே தவிர வேறில்லை. எத்தளமாயினும் வாட்டம் தெருவை நோக்கி அமையாமல் மதிற்சுவர் ஓரத்து மண் பட்டையை நோக்கி அமைய வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் கலவை குழைப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

புல்தரை திறந்த தரையாக இருந்தாலும் அதற்கு விலை உண்டு. வெயில் காலத்தில் புல்தரையிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவு நீர் ஆவியாகக் கூடும். 100 சதுர மீட்டர் புல்லுக்கு அது அன்றாடம் 500 லிட்டர், அதாவது ஒரு குடும்பத்தின் முழு நீர்ச் செலவுக்கு ஏறக்குறைய ஈடு. கிணற்று வளம் இல்லாத மனையில் புல்தரைக்குப் பதிலாகப் பொடுதலை, வல்லாரை போன்ற படர்கொடிகளை நிழற்பகுதியிலும், சருகு மூடாக்கை மற்ற இடங்களிலும் பயன்படுத்தலாம்.

பயன்படுத்திய நீர்

கழிப்பறை நீர் நீங்கலாகக் குளியல், துவையல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றிலிருந்து வரும் நீர் சாம்பல்நிற நீர் எனப்படுகிறது. 135 லிட்டர் என்ற அன்றாடக் கணக்கில் குளியலின் பங்கு மட்டும் 55 லிட்டர் என்பதால், நால்வர் வீட்டில் 220 லிட்டர் நீர் நாள்தோறும் சாக்கடைக்குப் போகிறது. மூன்று வகையிலும் குளியல் நீரே சுத்தமானது. அதைக் கல்வாழை, வாழை, சேம்பு நட்ட ஆழமற்ற பாத்திக்குத் திருப்பினால் செடிகளும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சோப்பின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய் மிதப்பதால், அதைத் தனியே வடித்தெடுக்கும் சிறு தொட்டி இல்லாமல் மண்ணில் விட்டால் துளைகள் அடைபட்டு நாற்றம் எடுக்கும். துவைக்கும் தூளிலுள்ள சோடியம் களிமண்ணை இறுகச் செய்யும் தன்மையுடையது என்பதால், சலவை நீரை ஒரே இடத்தில் தொடர்ந்து விடக் கூடாது. இந்நீர் எதையும் ஒரு நாளுக்கு மேல் தேக்கிவைப்பதும், பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, புதினா போன்றவற்றுக்குப் பாய்ச்சுவதும் தவிர்க்கத்தக்கவை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில் குடிநீரிலிருந்து பிரித்த உப்புகள் எல்லாம் செறிந்திருக்கும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது ஏற்றது, தொட்டிச் செடிக்கு நாள்தோறும் ஊற்ற ஏற்றதன்று.

மரத்தைத் தேர்தல்

2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா புயலில் நகரின் நிழல் மரங்கள் பெருந்தொகையில் சாய்ந்தன. அந்நிய மரங்கள் விழுந்தன, நாட்டு மரங்கள் நின்றன என்று அதற்குச் சொல்லப்படும் விளக்கம் பாதி உண்மைதான். குல்மோகர், தூங்குமூஞ்சி ஆகியவற்றின் மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கிளையும் ஒரு காரணம். அடிமரம் வரை சிமெண்டு பூசி வேரை நெரித்ததும், மின்கம்பிக்காக ஒரே பக்கக் கிளைகளை வெட்டி எடையை மறுபக்கம் சாய்த்ததும் மற்றக் காரணங்கள். இக்காரணங்கள் வேம்பையும் விடுவதில்லை.

ஆகவே மர வகைக்கு இணையாக நடும் முறையும் முக்கியமாகிறது. பிளாஸ்டிக் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பைக்குள் சுருண்டு, நட்ட பின்னும் சுருளாகவே தடிக்கும். வாங்கும்போது பையின் அடியைப் பார்த்து, இளங்கன்றாக, வேர் சுருளாததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூவரசைப் போத்து நட்டு, அதாவது கிளையை வெட்டி ஊன்றி வளர்ப்பது விரைவில் நிழல் தரும். ஆனால் விதையிலிருந்து முளைத்த மரத்துக்கு உள்ள ஆணிவேர் அதற்கு அமையாது. வேம்பு, புங்கம், நாவல் போன்ற பெருமரங்களுக்குக் கட்டடத்திலிருந்து 15 அடியாவது இடைவெளி தேவை. அந்த இடமில்லாத மனையில் கறிவேப்பிலை, பவழமல்லி, மாதுளை, எலுமிச்சை, முருங்கை ஆகியவை பொருந்தும். அடிமரத்தைச் சுற்றி 4 அடிச் சதுரமாவது மண்ணாக இருக்க வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரை மரநிழல் மறைத்தால், பகலெல்லாம் சூடேறி இரவில் அறைக்குள் வெப்பத்தை உமிழும் சுவரின் தொல்லை குறைந்து மின்விசிறி, ஏ.சி. ஆகியவற்றின் செலவும் இறங்கும்.

பறவைக்கும் பூச்சிக்கும் மனையில் இடம் வேண்டுமென்று கருதுவோர், பூக்களை மட்டும் கருத்தில் கொள்ளாமல் புழுக்கள் தின்னும் இலைகளையும் கருத வேண்டும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் காணப்படும் பறவை எச்சம் போன்ற புழு சில நாட்களில் பச்சை நிறமாகிப் பின்னர் பெரிய வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. எருக்கிலையைத் தின்னும் வரிப்புழு வெந்தய வரியன் ஆகிறது. வளர்ந்த செடி இந்த இலை இழப்பைத் தாங்கிக்கொள்ளும். கைக்கன்றில் மட்டும் புழுக்களை வேறு செடிக்கு மாற்றிவிடலாம்.

சருகு

மாசி, பங்குனி மாதங்களில் வேம்பு இலை உதிர்க்கும்போது வீட்டுக்காரர்களுக்கு அது குப்பையாகத் தோன்றுவதால், காலையில் தெருவோரத்தில் புகை எழுகிறது. ஈரச் சருகு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடையும் நுரையீரலுக்குள் ஆழமாகச் செல்லும் நுண்துகள்களையும் வெளியிடுகிறது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. அபராதத்தைவிடப் பெரிய இழப்பு, மரம் மண்ணிலிருந்து எடுத்த சத்து திரும்பி வராமல் போவது.

சருகுக்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது மூடாக்கு: செடியைச் சுற்றி 2 அல்லது 3 அங்குலத் தடிமனுக்குச் சருகைப் பரப்பி, தண்டை ஒட்டி 3 அங்குலம் விட்டுவிட்டால், மண்ணின் ஈரம் காயாது, களையும் முளைக்காது, தண்டில் அழுகலும் கறையானும் ஏறா. இரண்டாவது மட்கு உரம்: 3 அடி விட்டத்தில் கோழிவலையை வளையமாகக் கட்டி நிறுத்தி, மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை சமையலறைக் கழிவு என்ற அளவில் அடுக்கி, இடையிடையே சாணக் கரைசலையோ புளித்த மோரையோ தெளித்துவர வேண்டும். சருகில் கரிமச்சத்தும் காய்கறிக் கழிவில் தழைச்சத்தும் மிகுதி என்பதால் இரண்டும் கலந்தால்தான் நுண்ணுயிர்கள் பெருகும். குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் சருகும், உதிர்ந்தால் நீரும் சேர்க்க வேண்டும். நடுப்பகுதி கைபொறுக்காத சூடாகிப் பின்னர் தணியும். இரு வாரத்துக்கு ஒரு முறை புரட்டினால் இரண்டு மூன்று மாதங்களில் கரிய, மண்மணம் வீசும் உரம் கிடைக்கும். நாற்றம் எடுத்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

பூச்சியும் கொசுவும்

2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி ஆகியவற்றையும் தாக்கியபோது பூச்சிமருந்துகளால் அதை அடக்க முடியவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்டு விடப்பட்ட கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் அதைக் கட்டுப்படுத்தின. வீட்டுத் தோட்டத்துக்கும் இது பாடம்: மருந்து தெளிக்கும்போது பூச்சியைவிட அதன் எதிரிகளே விரைவில் மடிகின்றன. அசுவினியும் மாவுப்பூச்சியும் தொடக்கத்தில் தென்பட்டால் வேகமான நீர்ப்பீச்சில் கழுவுவதும், தாக்குண்ட நுனியைக் கிள்ளி எறிவதும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, தேனீ அடங்கிய மாலை வேளையில் தெளிக்கலாம். நடைபாதைக் களைக்குக் கிளைஃபோசேட் தெளிக்கும் பழக்கம் தேவையற்றது. மத்திய அரசு 2022இல் அதன் பயன்பாட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. மழைக்கு மறுநாள் ஈர மண்ணில் களைக்கொத்தியால் நெம்பினால் வேரோடு வந்துவிடும்.

நீரைப் பிடித்துவைக்கும் மனையில் கொசு பெருகும் என்ற அச்சம் நியாயமானது. எனினும் கொசு வகையைப் பிரித்தறிந்தால் தீர்வு எளிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாமல் தெளிந்த நீரை நாடுகிறது; தொட்டிச் செடியின் அடித்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், ஏ.சி. நீர் சொட்டும் வாளி, கொல்லையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி ஆகியவை அதற்குப் போதும். அது முட்டையை நீர்விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைப்பதால், நீரைக் கொட்டியதும் வேலை முடிந்துவிடாது; காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும் அம்முட்டை அடுத்த மழையில் பொரிந்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாட்களே ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் எல்லாக் கலங்களையும் கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதை வழக்கமாக்க வேண்டும். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி கிணற்றிலும் மாடித்தொட்டியிலும் பெருகுவதால், அவற்றுக்குக் கொசுவலைத் துணியோ பொருந்திய மூடியோ தேவை. கசிவுக் குழியில் மேல்மட்டம் மணலாகவே இருந்து நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் கொசு அங்கே வளர இயலாது. மூன்று நாளாகியும் நீர் நின்றால் குழி தூர்ந்துவிட்டது என்று அறிந்து மணலை எடுத்துக் கழுவ வேண்டும்.

ஆண்டு முழுவதற்குமான வேலைகள்

மாசி, பங்குனியில் உதிரும் சருகை மட்குக் குவியலில் சேர்ப்பதும், சித்திரை, வைகாசியில் மூடாக்கைத் தடிமனாக்குவதும், தளத்தை உடைக்கும் வேலையையும் குழி வெட்டும் வேலையையும் முடிப்பதும் கோடைக்குரியவை. ஆவணி, புரட்டாசியில் மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய்வாயில் சல்லடை பொருத்தி, குழியின் மணலைக் கழுவி, மரங்களின் கனத்த கிளைகளை எல்லாப் பக்கமும் சமமாகக் கழித்துவிட வேண்டும்; கன்று நடுவதற்கும் இதுவே காலம், ஏனெனில் ஐப்பசி மழை வேர் பிடிக்க உதவும். ஐப்பசியில் பெரிய மழை பெய்யும்போது குடையோடு ஒரு முறை மனையைச் சுற்றிவந்து, நீர் எங்கே தேங்குகிறது, எங்கே கேட்டைத் தாண்டுகிறது என்று சுண்ணாம்பால் குறித்துவைத்தால், அடுத்த கோடையின் வேலைப் பட்டியல் தானே அமைந்துவிடும்.

பொருள்வசதி குறைந்த வீட்டுக்காரர், அல்லது ஏற்கெனவே மனை முழுவதும் தளம் போட்டுவிட்டவர், இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றுதான் இயலும் என்றால், மதிற்சுவர் ஓரத்தில் 3 அடி அகலத்துக்குச் சிமெண்டை உடைத்தெடுத்து, மாடிக் குழாயின் வாயைத் தெருவிலிருந்து அந்தப் பட்டைக்குத் திருப்புவதே முதலாவதாக வர வேண்டும். மரம் நட இடமும், சருகு கொட்ட இடமும், குளியல் நீர் விட இடமும் பிறகு அதிலிருந்தே கிடைக்கும்.